ஒரே ஏட்டில் இரண்டு பள்ளிக்கூடம்: ஆசிரியர்கள் இணையத்தில் சேர்ந்து எழுதத் தொடங்குவது எப்படி?

கவுந்தப்பாடிப் பக்கம் கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி இருக்கிறது எங்கள் அரசு நடுநிலைப் பள்ளி. நான் அங்கே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். என்னோடு பி.எட். படித்த தோழி காங்கேயத்துக்குத் தெற்கே, கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் கிளுவை முள்வேலியுமாக இருக்கும் ஓர் ஊரில் அதே பாடம் எடுக்கிறார். நான் ஈரோடு மாவட்டம், அவர் திருப்பூர் மாவட்டம். குறுவள மையக் கூட்டத்திலோ வட்டார வள மையப் பயிற்சியிலோ நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வழியே இல்லை. ஆனாலும் மூன்று வருடமாக ஒரே ஏட்டில் பாடக்குறிப்பு எழுதுகிறோம். முதலில் இரண்டு பேர், இப்போது ஐந்து பேர். எப்படித் தொடங்கினீர்கள், எங்கே இடறியது, பிள்ளைகளை எப்போது உள்ளே விட்டீர்கள் என்று கேட்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"அதுதான் வாட்ஸ்அப் குழு இருக்குதுங்களே?" எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. வாட்ஸ்அப்பில் ஒரு வினாத்தாள் வந்தால் ஒரே வாரத்தில் அது ஐந்து கோப்பாகிவிடும். ஒருவர் மூன்றாம் கேள்வியைத் திருத்தி அனுப்புவார். இன்னொருவர் பழைய கோப்பை எடுத்து ஏழாம் கேள்வியைத் திருத்துவார். மூன்றும் ஏழும் சேர்ந்து திருந்திய கோப்பு யார் கையிலும் இருக்காது. கூகுள் டாக்ஸ் போன்ற கூட்டு ஏட்டில் கோப்பு ஓரிடத்திலேயே இருக்கிறது. எல்லோரும் அங்கே போய் எழுதுகிறோம். ஒரே நேரத்தில் 100 பேர் வரை திருத்தலாம் என்கிறது கூகுள். நமக்கு ஐந்து பேர் போதும்.

முதல் ஏட்டைத் திறப்பது

வருடம் முழுவதற்குமான பாடத்திட்டத்தோடு தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கிய இரண்டு குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டுமே ஜூலையோடு நின்றுவிட்டன. ஒரே ஒரு பாடம் எடுங்கள், அதுவும் அடுத்த பத்து நாளில் நீங்கள் எல்லோரும் நடத்தப்போகும் பாடமாக இருக்கட்டும். நாங்கள் எடுத்தது எட்டாம் வகுப்பின் நீர்ச் சுழற்சி.

கணினியில் புது ஏட்டைத் திறந்து முதலில் பெயர் வையுங்கள். 'பெயரில்லாத ஆவணம்' என்று விட்டால் ஒரு மாதத்தில் அப்படி இருபது சேர்ந்துவிடும். வகுப்பு, பாடம், அலகு என்ற வரிசையில் பெயர் இருந்தால் தேட எளிது. அப்புறம் பகிரும் பொத்தானை அழுத்தினால் மூன்று வகை அனுமதி வரும்: பார்ப்பவர், கருத்து சொல்பவர், திருத்துபவர். உடன் எழுதும் ஆசிரியர்களுக்குத் திருத்தும் அனுமதி கொடுங்கள். அதையும் அவரவர் மின்னஞ்சல் முகவரியைப் போட்டே கொடுங்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று திறந்துவிட்டால், கணக்கில் நுழையாமல் வருபவர்கள் ஏதோ ஒரு விலங்கின் பெயரில்தான் தெரிவார்கள். முதல் நாள் என் தோழி அப்படித்தான் வந்தார்; கேபிபாரா என்று மேலே ஒரு பெயர் நின்றது, எனக்கு யாரென்றே புரியவில்லை. யார் எழுதுகிறார் என்று தெரியாத ஏட்டில் எந்த ஆசிரியரும் மனம்விட்டு எழுத மாட்டார்.

ஏட்டுக்குள் ஓர் அட்டவணை போடுங்கள். எங்களுடையதில் நான்கு பத்திகள். நான் கேட்ட கேள்வி. பிள்ளைகள் சொன்னது, அவர்கள் வார்த்தையிலேயே. எந்த இடத்தில் பாடம் நின்றது. அடுத்த முறை என்ன செய்வேன். ஒவ்வொருவருக்கும் தனி வரிசை. முதல் வரிசையை ஏட்டைத் திறந்தவரே எழுத வேண்டும், அதுவும் சரியாக நடக்காத ஒரு வகுப்பைப் பற்றி எழுத வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். முதல் வரிசையில் மாதிரிப் பாடம் போல அழகான குறிப்பு இருந்தால், பின்னால் வருபவர்களும் அழகானதைத்தான் எழுதுவார்கள். அதில் யாருக்கும் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.

எங்கள் முதல் வரிசையில் இருந்தது இது. "கிணத்துக்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்று வகுப்பில் கேட்டேன். கடைசி வரிசையில் ஒரு பையன் சொன்னான்: "வாய்க்கால்ல தண்ணி வுட்டா பத்து நாள்ல கெணறு ஏறிக்கும்ங் டீச்சர்." 'மழையிலிருந்து' என்ற பதிலுக்காக நான் காத்திருந்ததால் அவனை விட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அவன் சொன்னதை அப்படியே ஏட்டில் எழுதினேன். ராத்திரி தோழி ஓரத்தில் ஒரு கருத்து போட்டிருந்தார்: "உங்க பையன் சொன்னது சரிதானே? எங்க பிள்ளைகள்ல ஒருத்தர்கூட இதைச் சொல்லல. ஆயிரம் அடி போர்னுதான் சொல்றாங்க."

அந்த இரண்டு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடும் கீழ்பவானி வாய்க்கால் மண் வாய்க்காலாக வெட்டப்பட்டது. போகிற வழியெல்லாம் தண்ணீர் கசிந்து மண்ணுக்குள் இறங்கும். கரையோரக் கிணறுகள் ஊறுவது அதனால்தான். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டத்தை இந்தப் பக்கத்து விவசாயிகள் பலர் எதிர்த்ததும் இந்தக் கசிவு நீருக்காகத்தான். கடைமடைக்காரர்களைக் கேட்டால் அவர்கள் நியாயம் வேறாக இருக்கும். நான் கடந்துபோன பையன், நீர் நிலத்துக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்தவன். மறுநாள் அவன் பதிலிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினேன். தோழி தன் பள்ளியில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொடங்கினார். இரண்டு பள்ளியிலும் அதே பாடம்தான், நுழையும் வாசல் மட்டும் வேறு. தனியாகக் குறிப்பேட்டில் எழுதியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்படிச் சேர்ந்து பாடம் திட்டமிடும் பழக்கம் ஜப்பானில் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. அங்கே ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசித் திருத்தி, சில சமயம் இன்னொரு வகுப்பில் மறுபடி நடத்துவார்கள். நம்மால் பள்ளியை விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார முடியாது. அதனால்தான் 'பிள்ளைகள் சொன்னது' என்ற பத்தி எங்களுக்கு உயிர். கவனிக்க வருபவரின் காதாக அதுதான் இருக்கிறது. அன்றன்றைக்கே எழுதுங்கள், மூன்று நாள் தள்ளினால் பிள்ளையின் வார்த்தை போய் நம் வார்த்தைதான் மிஞ்சும்.

மூத்தவர் எழுதியதைத் திருத்துவது

மூன்றாவதாகச் சேர்ந்தவர் எங்களைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்தவர். முதல் நாளே கேட்டார்: "ஏனுங் டீச்சர், நான் எழுதினதுல வேறொருத்தர் கை வெச்சா எப்படிங்க?" நியாயமான கேள்வி. அதற்குப் பரிந்துரை முறை இருக்கிறது. கணினியில் மேல் வலது மூலையில் பென்சில் குறி இருக்கும். அதில் திருத்துதல் என்பதைப் பரிந்துரைத்தல் என்று மாற்றிவிட்டால் நாம் சேர்ப்பது வேறு நிறத்தில் நிற்கும், நாம் எடுப்பதன் குறுக்கே கோடு விழும். எழுதியவர் ஏற்றுக்கொண்டால்தான் மாறும். மற்றவர் வரிசையில் எழுதும்போது எப்போதும் பரிந்துரைதான் என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். ஓரக் கருத்திலும் நேரில் பேசுவது போலவே "டீச்சர், இதை இப்படிக் கேட்டுப் பார்க்கலாமுங்களா?" என்றுதான் எழுதுவோம். திரையில் எழுதும்போது அந்த 'ங்க' விட்டுப்போனால் சொல்லில் ஒரு வெட்டு வந்துவிடுகிறது.

தட்டச்சு பலருக்குப் பெரிய தடை. கைபேசியில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக்கை அழுத்திப் பேசினால் எழுதிக்கொடுக்கும். நம் ஊர்ப் பேச்சை அது அடிக்கடி தப்பாக எழுதும், அதனால் பிள்ளைகளின் சொற்களை மட்டும் கையால் அடித்துவிடுங்கள். பழைய வினாத்தாள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வானவில், பாமினி போன்ற எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றுவிட்டது என்றாலும் நம் பள்ளிக் கணினிகளில் பழைய கோப்புகள் நிறைய இருக்கின்றன. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் ஒற்றைக்கொம்பு, ரெட்டைக்கொம்பு எழுத்துகளை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. அச்சுத்தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் தெளிவாகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். கணினியில் அதன் மேல் வலப்பொத்தானை அழுத்தி கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் அச்சுத் தமிழை ஓரளவு எழுத்தாக்கித் தரும்.

சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் கைபேசிச் செயலியில் அந்த ஏட்டை ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்து வையுங்கள். எழுதியது இணையம் வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

பிள்ளைகளை உள்ளே விடுவது

எங்களுக்குள் ஒரு பருவம் பழகிய பிறகுதான் பிள்ளைகளைச் சேர்த்தோம். கேள்வி அந்தப் பையனுடையதுதான்: வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கிணறு எத்தனை நாளில் ஏறும்? இதற்கு கூகுள் ஷீட்ஸ் அட்டவணை வேண்டும்.

கிணற்றை அளப்பதற்கு ஒரே ஒரு விதி வைத்தோம்: பிள்ளைகள் கிணற்றுப் பக்கம் தனியாகப் போகவே கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவர் மேலிருந்து பார்த்து, தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பிள்ளை அதை எழுதிக்கொள்ளும். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கல்படி இருப்பதால் இது எளிதாக அமைந்தது. தோழியின் பள்ளியில் படி எண்ண முடியாது. அவர்கள் மழையை அளந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாட்டிலை வெட்டி, வெட்டிய மேல்பாகத்தைப் புனலாகக் கவிழ்த்து, அளவுகோலை ஒட்டினால் மழைமானி ஆயிற்று. அடி குழிந்த பாட்டில் என்றால் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியமாக வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இடுப்பு போல ஒடுங்கிய பாட்டில் ஆகாது. அதில் வரும் மில்லிமீட்டர் பொய்.

அட்டவணையில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது தேதி. ஷீட்ஸ் அமைப்பில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் 5/8 என்று பிள்ளை அடித்ததை அது மே 8 என்று எடுத்துக்கொள்ளும், நமக்கு வேண்டியதோ ஆகஸ்ட் 5. நாங்கள் இரண்டு வார அளவுகளைக் கலைத்துப் போட்டது இதனால்தான். 'கோப்பு' பட்டியில் அமைப்புகளுக்குப் போய் நாட்டை இந்தியா என்று முதலிலேயே மாற்றுங்கள். இரண்டாவது, தலைப்பு வரிசையை நகராதபடி உறைய வைத்து, யாரும் மாற்றாதபடி பூட்டுங்கள். மூன்றாவது, ஒரு பிள்ளை அட்டவணையை வரிசைப்படுத்தினால் எல்லோருக்கும் மாறிவிடும். தனக்கு மட்டும் மாற்றிப் பார்க்க வடிகட்டிக் காட்சி என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுங்கள்.

பிள்ளைகள் பெயரை அட்டவணையில் போட வேண்டாம். வருகைப்பதிவு எண்ணும் வேண்டாம். குழுவுக்கு ஓர் எழுத்து போதும். 2023இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அதனால் நான் பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்கச் சொல்வதில்லை. வீட்டுக் கைபேசியை நம்பியும் வேலை கொடுப்பதில்லை. அப்பா மில்லிலிருந்தோ வெல்ல ஆலையிலிருந்தோ ராத்திரி வந்தால்தான் போன் வரும், போன் இல்லாத வீடும் உண்டு. அளவைக் காகிதத்தில் கொண்டுவருவார்கள். வெள்ளிக்கிழமை கணினி அறையில் எங்கள் ஏழு கணினியில் ஏற்றுவோம். அந்த நாற்பது நிமிடம் மட்டும் இணைப்பைத் திருத்தும் அனுமதிக்குத் திறப்பேன். மணி அடித்ததும் பார்க்கும் அனுமதிக்கு மாற்றிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு ஏழாம் வகுப்புப் பெண் தெரியாமல் எல்லாவற்றையும் தேர்வு செய்து ஒரு விசையை அழுத்திவிட்டாள். ஏழு திரையிலும் ஒரே நொடியில் அட்டவணை வெறுமையாகிவிட்டது. அறையே அமைதி. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. "ஒண்ணும் ஆகலைடா கண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டு, மேலே 'கோப்பு' பட்டியில் பதிப்பு வரலாறு இருக்கும் இடத்தைக் காட்டினேன். வலது ஓரத்தில் நேரம் நேரமாகப் பழைய பதிப்புகள் வரிசையாக நின்றன. நான்கு நிமிடத்துக்கு முந்தையதை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, மீட்டெடு என்பதையும் அவளையே அழுத்தச் சொன்னேன். ஆறு வார அளவும் திரும்பி வந்தது. அதன்பின் யாருக்காவது ஏதாவது காணாமல் போனால் என்னைக் கூப்பிடுவதில்லை, அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். நீங்கள் முதல் வகுப்பிலேயே இதைச் செய்துவிடுங்கள். வேண்டுமென்றே எல்லாவற்றையும் அழித்து, பிள்ளைகள் முன்னால் மீட்டுக் காட்டுங்கள். பயம் போன பிறகுதான் எழுதுவார்கள்.

விக்கிப்பீடியாவுக்கு எப்போது?

யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திருத்தலாம் என்ற விக்கி முறையை 1995இல் தொடங்கியவர் வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர். நிரல் எழுதுபவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளத்தான் அதை அமைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கி, 2017இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது.

வகுப்பை நேராக அதில் எழுத விடாதீர்கள். முதல் இரண்டு மாதம் படிப்பதோடு நிறுத்துங்கள். ஒரு கட்டுரையைத் திறந்து அதன் வரலாற்றையும் உரையாடல் பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் கைபட்டு ஒரு பக்கம் உருவாகிறது என்று தெரியும். பிறகு ஆசிரியர் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கி மணல்தொட்டி என்ற பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். சந்தேகம் வந்தால் ஆலமரத்தடி என்ற பக்கத்தில் கேட்கலாம். பாடப்புத்தகத்திலிருந்து வரிகளை எடுத்து ஒட்டக் கூடாது, பதிப்புரிமை உண்டு.

என் வகுப்பில் இதைக் காலிங்கராயன் வாய்க்காலை வைத்துச் செய்தேன். பவானியில் தொடங்கி நொய்யல் வரை பாம்பு போல வளைந்து போகும் அந்த வாய்க்காலுக்கு ஒரு பாம்புதான் வழி காட்டியது என்று எங்கள் பிள்ளைகளின் பாட்டிமார் எல்லோருமே சொல்வார்கள். "இதைக் கட்டுரையில் எழுதலாமா?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஒரு பிள்ளை எழுதிய வரி: "பாம்பு வழி காட்டியதாக மக்கள் சொல்கிறார்கள்." 'காட்டியது' என்பதற்கும் 'காட்டியதாகச் சொல்கிறார்கள்' என்பதற்கும் உள்ள தூரத்தை எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்தது, எனக்கு அந்த வருடத்தின் பெரிய சந்தோஷம். அந்த வரி விக்கிப்பீடியாவுக்குப் போகவில்லை. எங்கள் ஏட்டில்தான் இருக்கிறது.

படமும் துண்டுக்குறிப்பும் ஒட்ட பேட்லெட் போன்ற இணையச் சுவர்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இலவசமாகக் கிடைப்பது சில சுவர்கள்தான். ஒரு கருவியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நாங்கள் பிள்ளைகளோடு படம் வரைந்த ஜாம்போர்டை கூகுள் 2024 டிசம்பர் 31இல் நிறுத்திவிட்டது. அதன்பின் ஒவ்வொரு பருவ முடிவிலும் எல்லா ஏட்டையும் வேர்டு, எக்செல் கோப்பாக இறக்கி ஒரு பென்டிரைவில் வைக்கிறோம். தேர்வு வாரத்தில் அரை மணி நேர வேலை.

இந்த வருடம் கிணற்று அட்டவணையைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழ்பவானியில் வழக்கமாக ஆகஸ்ட் 15ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பார்கள். தண்ணீர் வந்த பிறகு அளக்கத் தொடங்கினால் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் போகும். நாங்கள் முதல் வருடம் அப்படித்தான் தவறவிட்டோம். ஜூலை கடைசி வாரத்திலேயே அட்டவணையைத் திறந்து, நாட்டை இந்தியா என்று மாற்றி, வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது ஒவ்வொரு கிணற்றிலும் எத்தனை படி தெரிகிறது என்பதை முதல் வரிசையில் ஏற்றிவிடுங்கள்.